எழுபத்திரண்டு என்னும் கட்டுக்கணக்கு

விசுவநாத நாயக்கர் 1529இல் மதுரைக்கு வந்தார். தளவாய் அரியநாத முதலியாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார். மதுரைக் கோட்டையில் 72 கொத்தளங்களை எழுப்பி, ஆளுக்கொன்றாகப் பாளையக்காரர்களிடம் காவலுக்கு ஒப்படைத்தார். அன்றுமுதல் பாளையங்கள் உண்டாயின. பள்ளிப் பாடப்புத்தகம் இப்படித்தான் சொல்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். சிவகிரி, சொக்கம்பட்டி, ஊத்துமலை, தலைவன்கோட்டை, சேத்தூர் என்று மேற்கு மலையடிவாரத்து ஜமீன் ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் பத்தியில் இதை வைத்து, அதற்குமேல் ஒரு சுழி போட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். சிவகிரி எப்போது பிறந்தது என்று கேட்டால் விடை தயாராக இருக்கிறது: நாயக்கர் போட்ட கோட்டில் பிறந்தது.

இது நடந்த கதை அன்று என்பதே என் கட்சி. நாயக்கர் ஆட்சியையோ அரியநாதர் என்ற மனிதரையோ நான் மறுக்கவில்லை. அவர் பெரிய நிர்வாகி. மதுரை மீனாட்சி கோயிலின் ஆயிரங்கால் மண்டபம் இன்றும் அவர் பெயரைச் சொல்லி நிற்கிறது. நான் மறுப்பது வேறு. ஒரு மனிதர், ஓர் ஆணை, ஒரு தேதி, அதிலிருந்து 72 பாளையங்கள் என்ற அந்த வரிசையை மறுக்கிறேன். ஊர்களும் பாளையங்களும் பிறந்து வெகுகாலம் கழித்து, யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலாகக் கோத்துக் கொடுக்கப்பட்ட வரிசை அது. பழைய கிரேக்கர்கள் தங்கள் குடியேற்ற ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் இப்படியொரு நிறுவனரை வைத்திருந்தார்கள். அந்தக் கதைகளை ஆராய்ச்சியாளர்கள் உரித்துப் பார்த்த விதம் நமக்கும் பயன்படும். அதற்குப் பிறகு வருகிறேன்.

எதிர்வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வடிவம் 1924இல் வெளிவந்த ஆர். சத்தியநாத ஐயரின் மதுரை நாயக்கர் வரலாற்றில் இருக்கிறது. அவர் பொழுதுபோக்காகக் கதை கட்டியவர் அல்லர். கிடைத்த சுவடி, கல்வெட்டு, பாதிரிமார் கடிதம் எல்லாவற்றையும் சல்லடை போட்டவர். அவர் வழி நிற்பவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். பாண்டியர் வலுவிழந்து நாடு சிதறிக் கிடந்தபோது ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது என்பது ஒன்று. எல்லாச் சுவடிகளும் ஒரே குரலில் இதைச் சொல்கின்றன என்பது இரண்டாவது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பாளைய முறை நின்று நிலைத்ததே, ஆகவே அதை யாரோ திட்டமிட்டு அமைத்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றாவதற்கு நீண்ட பதில் வேண்டாம். நிலைத்து நின்றது என்பதிலிருந்து ஒருவர் திட்டமிட்டார் என்பது வராது; சாதியும்தான் நிலைத்து நின்றது. முதல் இரண்டையும் பார்க்கலாம்.

தேதிகளிலிருந்து தொடங்குகிறேன். 72 பாளையக்காரர்களுக்கும் தலைவர் இராமநாதபுரம் சேதுபதி என்பதும் இதே மரபு சொல்லும் செய்திதான். ஆனால் சடைக்கத் தேவர் சேதுபதியாகப் பட்டம் கட்டிக்கொண்டது முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1605ஐ ஒட்டி. விசுவநாதர் 1564இல் மறைந்துவிட்டார். அரியநாதர் 1600 வாக்கில். தலைவர் பதவி வந்து சேர்ந்தபோது அமைப்பை உண்டாக்கியதாகச் சொல்லப்படும் இருவருமே உயிரோடு இல்லை. தலைமை பிற்பாடு சேர்ந்தது, பாளையங்கள் முன்பே இருந்தன என்று பதில் சொல்லலாம். சொல்லுங்கள். அப்படிச் சொன்ன கணமே அமைப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது என்று ஒப்புக்கொண்டதாகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த ஒன்றுக்கு நிறுவிய ஆண்டு எப்படி இருக்கும்?

அடுத்தது தென்காசி. நம் பக்கத்துக்காரர்கள் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், ஏனோ கேட்பதில்லை. நாயக்கர் கதையில் விசுவநாதர் கயத்தாற்றில் ஐந்து பாண்டியர்களை எதிர்க்கிறார். ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் வெல்கிறார். அதோடு பாண்டியர் கதை முடிகிறது, நாடு காலியாகிறது, காலியான நாட்டில் பாளையங்கள் நடப்படுகின்றன. கல்வெட்டு சொல்வதோ வேறு. மதுரையை இழந்த பாண்டியர் தென்காசிக்கு வந்து ஊன்றிக்கொண்டார்கள். 1422இல் பட்டத்துக்கு வந்த பராக்கிரம பாண்டியர் 1446இல் அங்கே காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கினார். 1457இல் கோபுர வேலையைத் தொடங்கி, அது முடியுமுன் 1463இல் இறந்தார். அந்தக் கோயிலில் அவர் விட்டுப்போன பாட்டுக் கல்வெட்டு நாட்டுக்கே தெரிந்தது. இந்தக் கோயிலுக்குக் குறை வந்தால் அதைத் தீர்த்துவைக்கிறவர் யாராயினும் அவர் காலில் விழுவேன் என்று ஒரு முடியரசன் கல்லில் வெட்டிவைத்தான். (அந்தக் கோபுரம் 1824இல் எரிந்து சிதைந்து, 1990இல்தான் மறுபடி எழுந்தது. அதற்காக உழைத்தவர்களில் யார் காலில் அவர் விழுந்திருப்பார் என்று தென்காசிக்காரர்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு.)

அந்தக் குடும்பம் அத்தோடு நிற்கவில்லை. நைடதமும் வெற்றிவேற்கையும் பாடிய அதிவீரராம பாண்டியர் தென்காசியில் முடிசூடியது 1564இல். விசுவநாத நாயக்கர் இறந்த அதே ஆண்டு. காலியாகிப் போனதாகச் சொல்லப்படும் நாட்டில் ஒரு பாண்டியன் முடிசூடுகிறான், தன் ஆட்சியாண்டைக் கல்லில் வெட்டுகிறான், புலவனாகவும் பெயர் எடுக்கிறான். நாயக்கருக்கு அடங்கி இருந்திருக்கலாம், திறை கட்டியிருக்கலாம். அதை நான் மறுக்க வேண்டியதில்லை. சிவகிரியிலிருந்து ஒரு நாள் வண்டிப் பயணத்தில் ஓர் அரசவை நடந்துகொண்டிருந்தபோது, சிவகிரிச் சீமையை மதுரையில் உட்கார்ந்து வெற்றுத்தாளில் கோடு போட்டுப் பிரித்தார்கள் என்பதைத்தான் மறுக்கிறேன். மலையடிவாரத்து மறவர் தலைவர்கள் பாண்டியனோடு ஒரு கையும் நாயக்கனோடு ஒரு கையும் வைத்துக்கொண்டு தங்கள் காவல் உரிமையைத் தாங்களே வளர்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது இயல்பான ஊகம். சிவகிரி ஜமீன்தார்கள் கோர்ட்டுப் பத்திரங்களில் சங்கிலி வீர பாண்டிய சின்னத்தம்பியார் என்றே எழுதப்பட்டிருக்கிறார்கள். சேத்தூர்க்காரர்களின் பட்டத்திலும் பாண்டியன் உண்டு. நாயக்கர் தூக்கி நிறுத்திய குடும்பங்கள் எதற்காகத் தோற்றவனுடைய பெயரைத் தலையில் வைத்துக்கொண்டன?

இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டத்தில் பாண்டியன் இருப்பதால் அவர்கள் பாண்டியனின் நேர்வாரிசு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் சுவரொட்டிகள் நிறைய ஒட்டப்படுகின்றன. அது 72 கொத்தளக் கதைக்குப் போட்டியாகக் கிளம்பிய இன்னொரு நிறுவனர் கதை. ஒன்றைத் தள்ளி மற்றொன்றை உட்காரவைக்கும் வேலை எனக்கு இல்லை. மலையடிவாரத்தில் ஆள் குடியிருந்த காலம் பாண்டியன் கணக்கிலும் அடங்காது. தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரத்தில் 2024இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு இரும்புக்கால ஈமக்காடே வெளிவந்தது. மேலே மலையில் பளியர்கள் இருக்கிறார்கள். எந்தப் பாளையப்பட்டு வம்சாவளியும் அவர்களிடம் போய் உங்கள் முதல் தலைவன் யார் என்று கேட்டு எழுதப்பட்டதன்று.

இனி அந்த ஒரே குரல். எல்லாச் சுவடிகளும் ஒத்துப்போகின்றன என்பதுதான் எதிர்த்தரப்பின் முதுகெலும்பு. அந்தச் சுவடிகள் எப்போது எழுந்தன? வில்லியம் டெய்லர் பாதிரியார் மதுரைச் சுவடிகளை மொழிபெயர்த்து அச்சிட்டது 1835இல். கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகச் சென்று பாளையக்காரர் வம்சாவளிகளைச் சேகரித்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மெக்கன்சி 1821இல் இறந்தார். சொல்லப்படும் நிகழ்ச்சிக்கும் ஏட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 270 ஆண்டு. 72 பாளையம், 72 கொத்தளம் என்ற கணக்கு வருவது இந்தப் பிற்காலச் சுவடிகளில்தான். அங்கேயும் பட்டியலுக்குப் பட்டியல் பாளையங்களின் பெயர்கள் மாறுகின்றன. மாறாமல் நிற்பது எண் மட்டுமே. எண் முதலில் வந்தது, பெயர்களைப் பிறகு தேடி நிரப்பினார்கள் என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? 72 நம்மவர்களுக்குப் பிடித்த எண். மேளகர்த்தா 72, உடம்பில் நாடி 72,000. முழுமையாக இருந்தது என்று சொல்ல நினைக்கிறவர்கள் தொடுகிற எண் அது. தணிக்கைக்காரர் எண்ணிக்கொடுத்த எண் அன்று.

இந்த வம்சாவளிகள் சேகரிக்கப்பட்ட நேரத்தில் வேறென்ன நடந்துகொண்டிருந்தது என்பது இன்னும் முக்கியம். கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஊமைத்துரையின் போரும் அடக்கப்பட்டது. அதே ஆண்டு ஆற்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தது. 1802இல் நிரந்தர நிலவரிச் சட்டம். 1803இல் திருநெல்வேலிப் பாளையங்கள் ஜமீன்களாக்கப்பட்டு சன்னதுகள் வழங்கப்பட்டன. எதிர்த்த பாளையங்கள் பறிபோயின. மிச்சம் இருந்தவர்கள் கலெக்டர் கச்சேரியில் நின்றார்கள். கச்சேரி கேட்டது இதுதான்: உன் பாளையத்தை உனக்கு யார் கொடுத்தது? எத்தனை தலைமுறை? என்ன ஊழியத்துக்காக? என்ன விருது?

இந்தக் கேள்விகளுக்கு முன்னால், யாரும் கொடுக்கவில்லை, நாங்கள் எப்போதும் இங்கேதான் இருக்கிறோம், எங்கள் பாட்டன் குளத்தை வெட்டினான், காவலைப் பிடித்தான் என்ற பதில் எடுபடாது. அது கள்ளன் சொல்லும் பதில் போலவே கலெக்டர் காதில் விழும். பேரரசர் அழைத்தார், எங்கள் முன்னோர் அரும்செயல் செய்தார், பேரரசர் மகிழ்ந்து பட்டமும் சீமையும் தந்தார் என்றால் அது உரிமை. ஆய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் 1982இல் நம் ஊத்துமலைப் பாளையத்தின் வம்சாவளியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து எழுதினார். அருஞ்செயல், அரசன் மகிழ்ச்சி, விருது, பட்டம், நிலம் என்ற சங்கிலி அந்தக் கதையின் எலும்புக்கூடு என்பது அதைப் படிக்கிறவருக்குத் தெரியும். இந்த ஏடுகளைப் பொய் என்று ஒதுக்கிவிடாமல் அவை என்ன செய்ய எழுதப்பட்டன என்று கேட்டது அவருடைய சிறப்பு. ஆனால் எங்கள் பாடநூல் எழுதுகிறவர்கள் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. ஒரே கேள்வித்தாளுக்கு எழுதிய விடைத்தாள்கள் ஒத்துப்போவதைப் பார்த்து, இத்தனை பேர் சொல்வதால் உண்மையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எட்டயபுரம் இதற்கு இன்னும் கச்சிதமான சான்று. சுவாமி தீட்சிதர் எழுதிய வம்சமணி தீபிகை என்ற எட்டயபுர அரச வரலாறு 1879இல் அச்சாயிற்று. அதைப் படித்துப் பார்த்த பாரதி, 1919இல் எட்டயபுரம் ராஜாவுக்குக் கடிதம் எழுதி, நல்ல தமிழில் அந்த வரலாற்றைத் திருத்தி எழுதித் தருகிறேன் என்றார். வறுமையில் கிடந்த கவிஞர் உதவி கேட்டு எழுதிய கடிதம் அது. அதை வைத்து அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிறுவனர் வரலாறு எப்படிப் பிறக்கிறது, யார் காசில் பிறக்கிறது, எத்தனை முறை பிறக்கலாம் என்பதை அந்த ஒரு கடிதத்தைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இனி கிரேக்கர். கி.மு. எட்டாம் நூற்றாண்டிலிருந்து கிரேக்கர்கள் சிசிலி, தென் இத்தாலி, கருங்கடற்கரை, லிபியா என்று கடல் தாண்டிக் குடியேறினார்கள். ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் பெயர் சொல்லி ஒரு நிறுவனர், அவர் டெல்ஃபிக்குப் போய் அப்பல்லோவிடம் குறி கேட்பார், ஆட்களைக் கூட்டிக்கொண்டு கப்பலேறுவார், நிலத்தைப் பங்கிடுவார், இறந்தபின் சந்தைவெளியில் அவருக்குச் சமாதியும் ஆண்டுப் பலியும் நடக்கும். துசிடிடீஸ் தம் வரலாற்றின் ஆறாவது புத்தகத்தில் சிசிலி ஊர்களை இப்படி வரிசையாக அடுக்குகிறார்: நாக்சோஸை ஒருவர், மறு ஆண்டு சிரக்கூஸை கொரிந்த்திலிருந்து வந்த ஆர்க்கியாஸ். படிக்கும்போது நம் 72 பாளையப் பட்டியலைப் படிப்பது போலவே இருக்கும். அதே பட்டியலில் மெகாராவிலிருந்து வந்தவர்களுக்கு ஹிப்லோன் என்ற உள்ளூர் அரசன் இடம் கொடுத்த செய்தியும் எட்டிப்பார்க்கிறது. முன்பே ஆள் இருந்த நிலம் என்பதைக் கதையால் முழுவதும் மறைக்க முடியவில்லை. வரலாற்றாய்வாளர் ராபின் ஆஸ்போர்ன் 1998இல், தொடக்கக் காலக் குடியேற்றங்களை ஏதோ தாய்நகர் தீர்மானம் போட்டு அனுப்பிவைத்தவையாகப் பார்ப்பதே தவறு என்று வாதிட்டார். வணிகன், ஓடிவந்தவன், நிலமில்லாதவன் என்று பலரும் பல காலத்தில் வந்து சேர்ந்தார்கள். நிறுவனரும் ஆணையும் பிற்பாடு வந்தன என்றார். எல்லோரும் அவரை ஏற்கவில்லை. ஆனால் அதற்குப்பின் யாரும் அந்தப் பட்டியலைப் பழைய கண்ணோடு படிக்க முடியவில்லை.

லிபியாக் கரையில் இருந்த சைரீன் நகரக் கதை நம் கதைக்கு அடுத்த வீட்டுக் கதை. தீரா என்ற தீவிலிருந்து கி.மு. 631 வாக்கில் பாட்டஸ் என்பவர் வந்து நிறுவினார் என்பார்கள். ஹெரோடோட்டஸ் இதை எழுதும்போது ஒரே கதையைச் சொல்லவில்லை. தீராக்காரர் சொல்வது இது, சைரீன்காரர் சொல்வது இது என்று இரண்டையும் எழுதிவைத்தார். தீராக்காரர் கதையில் அவர்கள் அரசர் டெல்ஃபிக்குப் போகிறார், பாட்டஸ் கூடப்போன ஆள். சைரீன்காரர் கதையிலோ பாட்டஸின் தாய் கிரீட் தீவு அரசகுமாரி. சிற்றன்னையின் சூழ்ச்சியில் துரத்தப்பட்டவள். திக்குவாய்க்கு மருந்து கேட்கப்போன மகனிடம் கடவுளே லிபியாவுக்குப் போ என்கிறார். அனுப்பியவர்கள் அனுப்பிய பெருமையைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். போனவர்கள் தங்கள் ஆளுக்கு அரச ரத்தம் ஏற்றிக்கொண்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் இது வெறும் போட்டிக் கதை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் சைரீனில் ஒரு கல்வெட்டு வெட்டப்பட்டது. தீராவிலிருந்து வந்து குடியிருந்தவர்கள் எங்களுக்கும் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கு ஆதாரமாக, முந்நூறு ஆண்டுக்கு முன் முதல் குடியேறிகள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். மெழுகுப் பொம்மைகளைச் செய்து எரித்து, இந்த ஒப்பந்தத்தை மீறுகிறவன் இப்படி உருகிப்போகட்டும் என்று ஆணையிட்டதாக அதில் இருக்கிறது. அந்த ஒப்பந்த வாசகம் உண்மையில் பழையதா, உரிமை கேட்ட காலத்தில் கோத்ததா என்று அறிஞர்கள் இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் சண்டை இல்லை: அந்தக் கல் நிச்சயமாகச் சொல்வது உரிமை கேட்ட நாலாம் நூற்றாண்டைப் பற்றி. 1803இல் கச்சேரிக்கு வந்த நம் வம்சாவளிகளை இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நிறுவனர் பதவி காலியாகவும் கூடும், ஆள் மாறவும் கூடும். ஏதென்ஸின் ஹக்னோன் கி.மு. 437இல் ஆம்ஃபிபொலிஸை நிறுவினார். அந்த ஊர் ஸ்பார்ட்டாவின் பக்கம் சாய்ந்து, கி.மு. 422இல் அதைக் காத்த தளபதி பிரசிடாஸ் போரில் விழுந்ததும், ஊரார் ஹக்னோன் நினைவாக இருந்த கட்டடங்களை இடித்துவிட்டு பிரசிடாஸை நிறுவனராக்கிப் பலி கொடுக்கத் தொடங்கினார்கள். ஹக்னோன் ஊரை நிறுவி அப்போது பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. கண்ணால் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே நிறுவனரை மாற்ற முடியுமென்றால், 270 ஆண்டு இடைவெளியில் என்னதான் செய்ய முடியாது? தென் இத்தாலியின் தூரி நகரில் யார் நிறுவனர் என்று சண்டை முற்றி, கி.மு. 434ஐ ஒட்டி டெல்ஃபியிடமே கேட்டார்கள். அப்பல்லோ, நான்தான் என்றார். எந்தக் கட்சியும் வெல்லாத தீர்ப்பு. நம் ஊர்ப் பெரியவர்கள் பங்காளிச் சண்டையைத் தீர்க்கும்போது சொத்தைச் சாமி பேரில் எழுதிவைப்பார்களே, அதேதான்.

கதைகளின் சரக்கும் இடம் விட்டு இடம் போகும். பாஞ்சாலங்குறிச்சியில் கோட்டை எழுந்த இடம், வேட்டைநாய்களை ஒரு முயல் திருப்பித் துரத்திய இடம். விஜயநகரமும் அப்படி ஒரு முயல் நாயை எதிர்த்த இடத்தில்தான் எழுந்தது. தென்காசிக்குக் கோயில் இடம் காட்டியது எறும்புச் சாரை. சிவகாசியில் காசிலிங்கத்தைச் சுமந்துவந்த பசு நகர மறுத்தது. கிரேக்கத் தீபஸ் நகரில் காட்மஸ் ஒரு பசுவின் பின்னால் போய், அது படுத்த இடத்தில் ஊர் எழுப்பினான். எபேசஸில் மீனும் காட்டுப்பன்றியும் இடம் காட்டின. இவ்வளவு விலங்குகள் இவ்வளவு ஊர்களை நிறுவியிருக்கும்போது, அரியநாதரும் அந்த முயலின் வேலையைத்தான் செய்கிறார் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். கதைக்குள் அவருடைய இடம் அதுதான்: ஏன் இந்த ஊர் இங்கே, ஏன் இவன் கையில் என்று கேட்பவன் வாயை அடைப்பது.

இந்த இடத்தில் பகுத்தறிவுக்காரர்கள் என் தோளில் கைபோட வருவார்கள். ஆகவே எல்லாம் கட்டுக்கதை, தூக்கி எறியுங்கள் என்பார்கள். அவர்களோடும் என்னால் போக முடியாது. பராக்கிரம பாண்டியரின் கனவை எடுத்துக்கொள்வோம். அது பிற்காலத்தார் கட்டியதன்று; சிவன் கனவில் வந்து சிற்றாற்றங்கரையில் எனக்குக் கோயில் எடு என்றதை அவர் காலத்துக் கல்வெட்டே சொல்கிறது. கனவு உண்மையா என்பது என் கவலை இல்லை. மதுரையை இழந்த ஒரு வம்சம், தன் புதிய இடத்துக்கு மதுரையைவிடப் பெரிய பெயரைக் காசியிடமிருந்து வாங்கிக்கொண்டது; அது உண்மை, தேதியோடு உள்ள உண்மை. தென்காசிக் கதையை நம்பலாம், கொத்தளக் கதையை நம்பக்கூடாது என்பதற்கு அளவுகோல் இதுவே: யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பது தென்காசியில் தெரியும்.

குற்றாலத்தில் அகத்தியர் திருமாலின் தலையில் கைவைத்துக் குறுக்கிச் சிவலிங்கம் ஆக்கினார் என்கிறார்களே, அங்கே ஒரு காலத்தில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று சொல்லவும் வேண்டுமா? சங்கரன்கோவில் கதை இதைவிட அருமையானது. புன்னைவனத்துக்குக் காவல் இருந்த காவற்பறையன் புற்றை வெட்டும்போது பாம்பின் வால் அறுபடுகிறது, லிங்கம் தெரிகிறது. அவன் ஓடிப்போய் உக்கிர பாண்டியனிடம் சொல்கிறான். உக்கிர பாண்டியன் கோயில் கட்டுகிறான், நிறுவனர் ஆகிறான். கண்டெடுத்தவனின் பெயர் கதையில் இன்றும் நிற்கிறது. எடுத்துவிட முடியாத அளவுக்கு அது ஊராருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் பொருள். கொத்தளக் கதையில் அப்படி ஒரு காவற்பறையன்கூட இல்லை. அது கீழே இருந்து வந்த கதை இல்லை என்று எனக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் பழைய கதை, இதற்கு எதற்கு இத்தனை சூடு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறுவனர் என்ற இடத்துக்கு இன்றும் விலை உண்டு. கோயிலை நிறுவியவரின் வழியினர் பரம்பரை அறங்காவலர் உரிமை கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. தேர்வடம் பிடிக்கும் நாளில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு என்ற வழக்குகள் ஆண்டுதோறும் நீதிமன்றம் ஏறுகின்றன. அங்கே வைக்கப்படும் வாதம், எங்கள் முன்னோர் கட்டினார், நாயக்கர் கொடுத்தார் என்பதுதான். பாடநூலில் இருக்கும் ஒரு வாக்கியம் அங்கே சாட்சியாக வந்து நிற்கிறது. குளத்தை வெட்டிய கூலிக்கு, மடை திறந்த நீர்பாய்ச்சிக்கு, அந்த வாக்கியத்தில் ஒரு மூலைகூட இல்லை.

சிவகிரி வரலாற்றை எழுத நினைப்பவருக்குப் பிடிமானம் இல்லாமல் இல்லை. 1783 ஆகஸ்டில் கர்னல் ஃபுல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்த கையோடு சிவகிரிக்கு வந்தார். பாளையக்காரர் ஊரை விட்டு மலைக் கோம்பைக்குள் போய் நின்று சண்டையிட்டார்; ஃபுல்லார்ட்டன் காட்டை வெட்டி வழி உண்டாக்கித்தான் உள்ளே போக முடிந்தது. அதைப் பற்றி அவரே எழுதிவைத்திருக்கிறார். 1790களில் சிவகிரிப் பாளையக்காரருக்கும் மகனுக்கும் பிளவு வந்தது. கட்டபொம்மன் மகன் பக்கம் நின்றார். சிவகிரி மீதான படையெடுப்பு, 1799 போருக்குக் கம்பெனி அடுக்கிய காரணங்களில் ஒன்றாயிற்று. விடுதலை வீரர் வரிசையில் யாரைச் சேர்ப்பது என்று தவிக்கிறவர்களுக்கு இது சங்கடமான செய்தி. அதனாலேயே விரிவாக எழுதப்பட வேண்டியது. அதன்பின் கடன். செட்டியாரிடம் தந்தை வாங்கிய கடனுக்கு மகன் கைக்கு வந்த ஜமீன் பொறுப்பா என்ற சிவகிரி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1882இல் பொறுப்புதான் என்று தீர்ந்தது. இந்து சொத்துச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்த வழக்கின் பெயரைப் படிக்கிறார்கள். அந்தத் தந்தைக்கு ஜமீன் வந்ததே தாய்வழியாக என்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. அரியநாதர் கையிலிருந்து தந்தை மகன் தந்தை மகன் என்று அறுபடாமல் இறங்கி வந்த பட்டம் என்று பேசுகிறவர்கள் அந்த ஒரு தீர்ப்பைப் புரட்டிப் பார்க்கலாம்.

கோம்பைச் சண்டை, அப்பன் மகன் பிளவு, 1803 சன்னது, செட்டியார் கடன், 1948 ஜமீன் ஒழிப்பு: இத்தனையும் பத்திரத்தோடு கிடக்கின்றன. ஊர் வரலாற்றுப் புத்தகம் எழுதுகிறவர் 1783இல் தொடங்கி, கையில் இருக்கும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கட்டும். காகிதம் தீரும் இடத்தில் கல்வெட்டையும் தாழியையும் கேட்கட்டும். 1529க்கு வரும்போது, மெக்கன்சியின் ஆட்களிடம் இப்படிச் சொன்னார்கள் என்று ஓர் அடிக்குறிப்புப் போட்டால் போதும்.